பேட்டரியும் ஒரு பாஸ்புக்தான்!

கரண்ட் போனால் ஒரு காலத்தில் தெருவே கோரஸாக ‘ஓ...!’ என்று கத்தும். வந்தால் மறுபடியும் ஒரு ‘ஓ...!’ முதல் ‘ஓ’வுக்கும் இரண்டாவது ‘ஓ’வுக்கும் நடுவே பனையோலை விசிறி, மொட்டை மாடி, பாட்டியின் பேய்க் கதை, எதிர்வீட்டு ஜன்னல் என்று ஒரு தனி வாழ்க்கையே நடந்துகொண்டிருந்தது.

இப்போது பல தெருக்களில் அந்த ‘ஓ’ கேட்பதில்லை. அதற்குப் பதில் ஹால் மூலையிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஃபேன் அரை நொடி யோசித்துவிட்டு மறுபடி சுற்றுகிறது. கரண்ட் போன விஷயமே சீரியல் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த ‘டொக்’கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டு வருடங்களில்தான் இன்வெர்ட்டர் தமிழ்நாட்டில் நடுத்தர வீடுகளுக்குள் மளமளவென்று நுழைந்தது. 2012-ல் சென்னைக்கு தினம் 2 மணி நேர வெட்டு. கோவை, மதுரைப் பக்கம் 10 மணி நேரத்தைத் தாண்டிய நாட்களும் உண்டு. அந்தச் சமயத்தில் பெண் வீட்டார், ‘பையனுக்கு சொந்த வீடா?’ என்று கேட்டுவிட்டு அடுத்தபடியாக, ‘இன்வெர்ட்டர் இருக்கா?’ என்று விசாரித்தால்கூட ஆச்சரியப்பட முடியாது. பிறகு வெட்டு குறைந்தது. ஆனால் 2016-ல் வர்தா, 2018-ல் கஜா, 2023-ல் மிக்ஜாம் என்று புயல்கள் பெயர் சூட்டிக்கொண்டு வந்து, மூலையில் கிடந்த அந்தப் பெட்டியை நமக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போயின.

அந்தப் பெட்டியில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது, எத்தனை மணி நேரம் வரும், காலியானால் எப்படி நிரம்புகிறது? இந்த மூன்று கேள்விகளை உங்கள் ஆபீஸில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர், ‘‘அது பாட்டுக்கு ஓடும் ஸார்...’’ என்பார்கள். பத்தாவது ஆள், ‘‘அதெல்லாம் மாமனார் பார்த்துப்பார்’’ என்பார்.

நான் பி.காம். ‘ஓம்’ என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பிள்ளையார்தான். ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். பேட்டரியைப் புரிந்துகொள்ள அது போதும் என்பதுதான் என் கட்சி.

பெட்டிக்குள் யார்?

கீழே இருக்கும் கனமான பெட்டி பேட்டரி. ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்கி வரும் இரண்டு பேரைப் பார்த்தால், காபி கொடுக்காமல் அனுப்ப மனசு வராது. மேலே இருக்கும் சின்னப் பெட்டி இன்வெர்ட்டர்.

பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம். ஒன்வே தெரு மாதிரி ஒரே திசையில்தான் போகும். நம் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவதோ மாறு மின்சாரம். அது ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும். ஃபேனும் ஃபிரிஜ்ஜும் இந்தப் போய்வரலுக்குத்தான் பழகியிருக்கின்றன.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்விட்சுகள் பேட்டரியின் திசையை நொடிக்கு 50 தடவை இப்படியும் அப்படியும் புரட்டிப் போடுகின்றன. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அந்த 12 வோல்ட்டை 230 வோல்ட்டாகத் தூக்கிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்! ஒரு துளி கரண்டைக்கூட இன்வெர்ட்டர் தயாரிப்பதில்லை. அது வெறும் கேஷியர். லாக்கரில் இருப்பதை எடுத்து, சில்லறை மாற்றிக் கொடுக்கும். கொஞ்சம் கமிஷனும் எடுத்துக்கொள்ளும். மெயின் கரண்ட் வந்ததும் அதே கேஷியர் கவுன்ட்டரைத் திருப்பிப் போட்டு டெபாசிட் வாங்க ஆரம்பித்துவிடும்.

கேஷியர்களில் இரண்டு ரகம். ‘ஸ்கொயர் வேவ்’ என்பது முரட்டு ரகம்: கரண்டை ஒரேயடியாக மேலே தள்ளும், ஒரேயடியாகக் கீழே இழுக்கும். கரண்ட் போனதும் ஃபேன் ‘ம்ம்ம்ம்...’ என்று முனகினால் உங்கள் வீட்டில் அநேகமாக இந்த ரகம்தான். ‘ஸைன் வேவ்’ என்பது அலை போல வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும் ரகம். கம்பத்திலிருந்து வருவதும் ஏறக்குறைய இப்படித்தான். மோட்டார் வைத்த எதற்கும் இதுதான் நல்லது. முரட்டு ரகத்தில் மோட்டார் வீணாகச் சூடாகும். பல்புக்கு வித்தியாசம் தெரியாது. உயிர் காக்கும் மெஷினுக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாலன்ஸ் எவ்வளவு?

இப்போது பாஸ்புக்கைத் திறப்போம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்குங்கள்: 1,800 வாட்-மணி. ஆஹா, கிட்டத்தட்ட 2 யூனிட்!

அவசரப்படாதீர்கள். பிடித்தங்கள் இருக்கின்றன. நம் சம்பளச் சீட்டில் இல்லையா, அந்த மாதிரி.

முதல் பிடித்தம்: அந்த ‘150’ என்பது 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். அவசரமாக 30, 40 ஆம்பியர் என்று உறிஞ்சினால் 150 வராது, குறையும். ஃபிக்ஸட் டெபாசிட்டைப் பாதியில் உடைத்தால் வட்டியைக் குறைப்பார்களே, அதே நியாயம்.

இரண்டாவது பிடித்தம்: ஈய-அமில பேட்டரியை அடிவரை வழித்துத் துடைக்கக் கூடாது. மினிமம் பாலன்ஸ் வைக்க வேண்டும். தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு வேகமாகக் குறையும்.

மூன்றாவது பிடித்தம்: கேஷியர் கமிஷன். மாற்றும்போதே 15 சதவிகிதம் வரைக்கும் சூடாகப் போய்விடும்.

எல்லாம் போக, கையில் வருவது சுமார் 1,000 வாட்-மணி. அதாவது ஒரே ஒரு யூனிட்!

நன்றாக யோசித்துப் பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு பேட்டரி வாங்கி, இரண்டு பேரை வைத்துத் தூக்கி, தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோமே... அதற்குள் இருக்கும் கரண்டின் விலை ஒரு டீ விலைகூட வராது. நாம் காசு கொடுப்பது கரண்டுக்கு இல்லை. அது ராத்திரி இரண்டு மணிக்கு இருக்கிறதே, அந்த உத்தரவாதத்துக்கு.

ஆக, கையில் ஒரு யூனிட். இனி பட்ஜெட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். அதில் மூன்று என்றால் 225. எல்.இ.டி. பல்பு 9 வாட் வீதம் நான்கு, 36. டி.வி. ஒரு 60. இன்டர்நெட் பெட்டி 10. மொத்தம் 331 வாட். ஆயிரத்தை இதால் வகுத்தால் மூன்று மணி நேரம். ‘வாங்கும்போது எட்டு மணி நேரம் வரும்னு சொன்னாங்களே!’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஒரு ஃபேன், இரண்டு பல்பு கணக்கில் சொல்லியிருப்பார்.

செலவைக் குறைத்தால்? இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாரில் ஓடுகிறது. மூன்றுக்கும் சேர்த்து 90. டி.வி.யை அணைத்தால் மொத்தமே 136 வாட். அதே பேட்டரி ஏழு மணி நேரம் வரும். இரண்டாவது பேட்டரி வாங்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுவது லாபமா என்று யோசிப்பவர்தான் நல்ல அக்கவுன்டன்ட்.

குழாய் பெரிசு, தொட்டி சின்னது

கடையில் போய், ‘‘பெரிய இன்வெர்ட்டரா குடுங்க, ரொம்ப நேரம் வரணும்’’ என்று கேட்பவர்கள் நிறைய. இன்வெர்ட்டரின் மேல் 900 வி.ஏ., 1500 வி.ஏ. என்று எழுதியிருப்பது குழாயின் அகலம். ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு அது அளவு. எவ்வளவு நேரம் வரும் என்பது தொட்டியின் சமாச்சாரம், அதாவது பேட்டரியின் ஆம்பியர்-மணி. குழாயைப் பெரிதாக்கினால் தொட்டி சீக்கிரம் காலியாகும், நிரம்பாது.

இன்னொன்று, 900 வி.ஏ. என்றால் 900 வாட் கிடையாது. 700 வாட் சுமாருக்குத்தான் தாங்கும். அயர்ன் பாக்ஸ் ஒன்றே 1,000 வாட். மிக்ஸி 500-லிருந்து 750. ஃபிரிஜ் ஓடும்போது 150 வாட் சாதுவாகத் தெரியும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அப்போதுதான் இன்வெர்ட்டர் ‘கீ...கீ...’ என்று கத்திக்கொண்டு சத்தியாக்கிரகம் செய்யும்.

இதெல்லாம் வெறும் சௌகரியக் கணக்குதானே, ஒரு ராத்திரி வியர்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சில ராத்திரிகளில் அது சௌகரியக் கணக்கு இல்லை.

ஒரு மே மாத இரவு

2021 மே. கொரோனா இரண்டாவது அலை. தாம்பரம் பக்கம் நாங்கள் இருந்த எட்டு வீட்டு ஃபிளாட்டில், முதல் மாடி ரிட்டையர்ட் போஸ்ட் ஆபீஸ் ஸார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர். முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் 350 வாட் என்று போட்டிருந்தது.

‘‘கரண்ட் போனாலும் கவலையில்ல தம்பி, நம்மகிட்ட இன்வெர்ட்டர் இருக்கு’’ என்றார் அந்த அம்மா. மகனும் தலையாட்டினான்.

மறுநாள் ராத்திரி 11.40-க்குத் தெருவே இருண்டது. ‘ஓ’ என்று கத்த யாருக்கும் மனசு இல்லாத காலம் அது. பத்து நிமிஷத்தில் மகன் மேலே ஓடி வந்தான். ‘‘அண்ணே, மெஷின் ஒரு மாதிரி உறுமுது. கொஞ்சம் வந்து பாருங்க...’’

அவர்கள் வீட்டில் இருந்தது பழைய ஸ்கொயர் வேவ். பேட்டரிக்கு ஐந்து வயசு. புது பேட்டரியாக இருந்தாலே ஆயிரத்தை 350-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குள்தான். கிழ பேட்டரியில் பாதிகூட வராது. ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போட்டால், பூமிக்கடியில் கேபிள் போய்விட்டது, விடியும் என்றார்கள்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘காலைல வரைக்கும் தாங்குமில்ல தம்பி?’’

தாங்காது. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். எந்த வீட்டில் எத்தனை வருஷத்து பேட்டரி, எது ஸைன் வேவ், யார் வீட்டில் எவ்வளவு மிச்சம் என்று எழுதினோம். கான்சென்ட்ரேட்டரைத் தவிர வேறு எதுவும் ஓடக் கூடாது என்று முடிவாயிற்று. மகன் சிலிண்டருக்காக வரிசையாகப் போன் அடித்துக்கொண்டே இருந்தான்.

12.30-க்கு அவர்கள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. தயாராக வைத்திருந்த தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் எதிர் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாற்றினோம். அது 2.40 வரை வந்தது. அடுத்து மேல் மாடியிலிருந்து எங்கள் வீட்டு ஒயர் படிக்கட்டு வழியாக இறங்கியது. மே மாதப் புழுக்கத்தில் மூன்று வீட்டிலும் ஃபேன் கிடையாது, பல்பு கிடையாது. குழந்தைகள் படிக்கட்டில் தூங்கின. ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு சிலிண்டர் வந்து சேர்ந்து, சுவர் ஓரமாகக் காவல் நின்றது. 4.50-க்குத் தெரு விளக்கு எரிந்தது.

எங்கள் பேட்டரியில் அப்போது கடைசிக்கு முந்தின விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

ஸார் இன்றைக்கு நன்றாக இருக்கிறார். அசோசியேஷன் மீட்டிங்கில் மெயின்டனன்ஸ் கணக்கைப் பைசா விடாமல் கேட்டு எங்களைப் படுத்துகிறார். கேட்கட்டும், சந்தோஷம்!

வீட்டில் இப்படி ஒரு மெஷின் வைத்திருப்பவர்கள் முதல் நாளே வகுத்தல் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஸைன் வேவ் வேண்டும். டாக்டரிடம் கேட்டு ஒரு சிலிண்டரையும் கைவசம் வையுங்கள். ‘இன்வெர்ட்டர் இருக்கு’ என்பது பதில் ஆகாது. ‘இத்தனை மணி நேரம் இருக்கு’ என்பதுதான் பதில்.

கடனை அடைக்கிற விதம்

எடுப்பது பாதிக் கதை. திருப்பிக் கட்டுவது மீதி. ஒரு யூனிட் எடுத்தால், பேட்டரியில் இழப்பு, சார்ஜரில் இழப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கட்ட வேண்டும். கந்து வட்டிதான். வேறு வழியில்லை.

எந்த வேகத்தில் கட்டுவது? ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய, நம்பகமான கணக்கு. 150-க்கு 15 ஆம்பியர். நன்றாகக் காலியான பேட்டரி நிரம்ப 10, 12 மணி நேரம் ஆகும். குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி மூன்று கட்டம். முதலில் குழாயை முழுசாகத் திறந்துவிடுவது. விளிம்பு நெருங்கும்போது, அதாவது 14.4 வோல்ட் சுமாரில், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவது. நிரம்பிய பிறகு 13.6 வோல்ட் பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டு, குறையாமல் பார்த்துக்கொள்வது. நல்ல இன்வெர்ட்டர் இதைத் தானே செய்யும். ‘சார்ஜ் ஆகிவிட்டதா?’ என்று ஒரு மணி நேரத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை.

2012-ல் கோவைப் பக்கத்து பேட்டரிகள் ஏன் சீக்கிரம் செத்தன என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் மேலே போட்ட 331 வாட் பட்ஜெட்டுக்கு பேட்டரியிலிருந்து 32 ஆம்பியர் போகிறது. கரண்ட் இருக்கும் ஒரு மணியில் உள்ளே வருவது 15. செலவு 32, வரவு 15. எந்தக் கம்பெனி தாங்கும்? பாதி காலியாகவே நாள் கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் வெள்ளையாக உப்பு இறுகிவிடும். சல்ஃபேஷன் என்பார்கள். இறுகிய இடம் மறுபடி கரண்டை வாங்காது. வாராக் கடன்!

இப்போது நமக்கு நேர் எதிரான வியாதி. வெட்டு குறைவு. பேட்டரி மாதக் கணக்கில் சொட்டு சார்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் மெல்ல வற்றுகிறது, யாரும் கவனிப்பதில்லை. புயல் வரும் நாளில் சுவிட்சைப் போட்டால் கால் மணியில் ‘கீ...கீ...’ மாதம் ஒரு தடவை, நீங்களாகவே மெயினை அணைத்து அரை மணி, முக்கால் மணி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆபீஸில் தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறார்கள் இல்லையா, அது மாதிரி.

தண்ணீர், நெருப்பு, மோதிரம்

1859-ல் காஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து முதல் ரீசார்ஜ் பேட்டரியைச் செய்தார். உங்கள் வீட்டு மூலையில் இருப்பதும் அடிப்படையில் அதே ஈயம், அதே கந்தக அமிலம்தான். சார்ஜ் ஆகும்போது அதில் உள்ள தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக வெளியேறுகிறது. போவது தண்ணீர் மட்டும். அமிலம் உள்ளேயே இருக்கும். அதனால் ஊற்ற வேண்டியதும் தண்ணீர் மட்டும்தான். அதுவும் டிஸ்டில்டு வாட்டர். ஆர்.ஓ. தண்ணீர், ஏ.ஸி.யில் சொட்டுகிற தண்ணீர், மழைத் தண்ணீர், பாட்டில் மினரல் வாட்டர் எதுவும் ஆகாது. ‘பவர் ஏறும்’ என்று யாராவது அமிலம் ஊற்ற வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மிதவைக் குச்சியைப் பாருங்கள். கோடு வரைக்கும் ஊற்றினால் போதும்.

அந்த ஹைட்ரஜன் இருக்கிறதே, காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும். இடம் அடைசலாக இருக்கிறதென்று பேட்டரியை மூடின அலமாரிக்குள் வைப்பவர்கள் உண்டு. அதற்கு மேல் தட்டிலேயே பூஜை, விளக்கு! சாமியை எவ்வளவுதான் சோதிப்பது? காற்றோட்டமான இடத்தில், விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

‘12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே’ என்பார்கள். அடிக்காது. ஆனால் ஸ்பானரோ மோதிரமோ இரண்டு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம் விரலிலேயே பழுத்துவிடும். முனையை இறுக்கும் முன் மோதிரம், வாட்ச், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவைச் சுத்தம் செய்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

இரண்டு பேட்டரி வைக்கிறவர்களுக்கு: ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் வோல்ட் கூடும், 24 ஆகும். பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் வோல்ட் அதே 12, ஆம்பியர்-மணி இரட்டிப்பு. எது வேண்டும் என்பதை இன்வெர்ட்டர்தான் தீர்மானிக்கும். ஆனால் பழசையும் புதுசையும் ஜோடி சேர்க்காதீர்கள். புதுசு சம்பாதித்துப் பழசைக் காப்பாற்றியே களைத்துப்போகும்.

கம்பத்தின் மேல் ஒருவர்

இது ஜோக் இல்லாத பத்தி. புயல் நாட்களில் சிலர், வாடகை ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு ஒயரால் சுவர் சாக்கெட்டில் செருகி, வீடு முழுக்க எரியவிடுகிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு திசையிலும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை இறக்கித் தருவது எப்படியோ, அப்படியே உங்கள் 230-ஐ ஏற்றி மேலே அனுப்பும். அங்கே, லைன் செத்திருக்கிறது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். கஜாவின் போது வேறு மாவட்டங்களிலிருந்து வந்து டெல்டாவில் கம்பம் நட்டவர்கள் அவர்கள். அந்த இரண்டு பிளக் ஒயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டி எறியுங்கள். முறையாகப் பொருத்திய இன்வெர்ட்டர் மெயின் லைனிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டுதான் கரண்ட் கொடுக்கும்.

மாடியில் சோலார் போட்டவர்கள் பலருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருப்பதும் இதனால்தான். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு என்பதால் பலர் போட்டார்கள். பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் பட்டப்பகல் வெயிலிலும் நின்றுவிடும். கோளாறு இல்லை. கம்பத்தில் இருப்பவரைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் சோலார் ஓட வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

லித்தியம் பேட்டரியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. எடை குறைவு, தண்ணீர் வேண்டாம், சீக்கிரம் நிரம்பும், அடிவரை இறக்கினாலும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்ளாது. விலைதான் கூடுதல். பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே மாட்டிவிடாமல், அதில் லித்தியத்துக்கான சார்ஜ் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஈய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலையில் கழிப்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு விஷம்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வாங்கிய மாதம், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய தேதி, வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட், எல்லாம் ஓடினால் எத்தனை மணி, அவசியமானது மட்டும் ஓடினால் எத்தனை மணி. ஐந்தே வரி. இன்வெர்ட்டர் மேல் ஒட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கரண்ட் போன பிறகு கணக்குப் போட வெளிச்சம் இருக்காது, ஸார்!